மெய்ஷோதையில் முதல் கேஸ் வகுப்பு: தயாராகும் முறை, ஒரு காபிக் கடைக் கணக்கோடு

நாகோயா வணிக மேலாண்மைப் பல்கலைக்கழகத்தை அங்கே சுருக்கமாக மெய்ஷோதை என்பார்கள். 1953-இல் தொடங்கிய தனியார் பல்கலைக்கழகம். முதன்மை வளாகம் நாகோயாவை ஒட்டிய நிஷ்ஷின் நகரில் இருக்கிறது. ஏ.ஏ.சி.எஸ்.பி., ஆம்பா, ஈக்விஸ் என்ற, வணிகக் கல்விக்கான மூன்று சர்வதேச அங்கீகாரங்களையும் சேர்த்துப் பெற்ற முதல் ஜப்பானியப் பள்ளி இதுதான்.

புதிதாகச் சேருகிறவர்களைத் திணற வைப்பது அங்குள்ள கேஸ் முறை. ஆசிரியர் பாடம் நடத்த மாட்டார், கேள்வி கேட்பார். ஒரு நிறுவனம் சிக்கியிருக்கும் நெருக்கடியைப் பத்து, இருபது பக்கங்களில் முன்கூட்டியே தருவார்கள், அதுதான் கேஸ். வீட்டில் படித்து, முடிவெடுத்து, வகுப்பில் வாதாட வேண்டும். பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. முதல் கேஸுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் அதிகப் பங்கு கணக்குக்குப் போகட்டும், ஏனென்றால் புதியவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

படி 1: மேலோட்டமாக ஒரு பார்வை, 15 நிமிடம்

முதல் பத்தி, கடைசிப் பத்தி, பின்னிணைப்பு அட்டவணைகளின் தலைப்புகள். இவ்வளவு போதும். பிறகு ஒரே வரி எழுதுங்கள்: யார், எதை, எப்போதுக்குள் முடிவு செய்ய வேண்டும்? இந்த வரி இல்லாமல் உள்ளே போனால் நிறுவனத்தின் வரலாற்றையே இரண்டு மணி நேரம் அடிக்கோடிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

படி 2: பேனாவோடு முழு வாசிப்பு, 45 நிமிடம்

ஓரத்தில் இரண்டே குறிகள் போடுங்கள். எண்ணாலோ ஆவணத்தாலோ உறுதியானதற்கு 'உ'. கேஸில் வரும் ஒருவர் சொல்லும் கருத்துக்கு 'க'. "வாடிக்கையாளர்கள் விலையேற்றத்தை ஏற்கமாட்டார்கள்" என்று மேலாளர் சொன்னால் அது 'க'. அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு முடிவு கட்டியவர், எதிர் வரிசையிலிருந்து வரும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார்.

படி 3: ஜப்பானிய அட்டவணையைச் சரியாகப் படிப்பது

நம்மவர்கள் இடறும் இடங்கள் நான்கு. முதலாவது அலகு. ஒரு 'மன்' என்றால் பத்தாயிரம், ஒரு 'ஒகு' என்றால் பத்துக் கோடி. நிறுவனக் கணக்குகள் பெரும்பாலும் பத்து லட்சம் யென் அலகில் வரும். அட்டவணையின் மேல் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும் அதை முதலில் வட்டமிடுங்கள். இரண்டாவது, எண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன முக்கோணம் இருந்தால் அது கழித்தல் குறி. அலங்காரம் என்று நினைத்து விட்டால் நஷ்டம் லாபமாகிவிடும்.

மூன்றாவது ஆண்டு. நம் நாட்டைப் போலவே பல ஜப்பானிய நிறுவனங்களுக்கும் ஏப்ரல் முதல் மார்ச் வரைதான் நிதியாண்டு. ஆனால் '2024 மார்ச் கி' என்பதும் '2023 நெந்தோ' என்பதும் ஒரே ஆண்டுதான். முன்னது முடியும் மாதத்தை வைத்து வந்த பெயர், பின்னது தொடங்கும் ஆண்டை வைத்து வந்தது. இரண்டையும் அடுத்தடுத்த வருடங்கள் என்று எண்ணி வளர்ச்சி விகிதம் போட்டால் எல்லாம் தப்பும். நான்காவது, 'கெய்ஜோ ரியெகி' என்ற வரிசை. தொழிலில் வந்த லாபத்தோடு வட்டி, ஈவுத்தொகை போன்ற வழக்கமான பிற வரவு செலவைச் சேர்த்தபின் நிற்கும் தொகை அது. தொழில் நன்றாக நடக்கிறதா என்று பார்க்க அதற்கு மேலே இருக்கும் 'எய்க்யோ ரியெகி'யை, அதாவது தொழில் லாபத்தை, எடுங்கள்.

படி 4: கணக்கு, 75 நிமிடம்

பயிற்சிக்கு ஒரு கற்பனைக் கேஸ். நாகோயாவின் காபிக் கடைகளில் 'மோனிங்கு' என்றொரு வழக்கம் உண்டு. காலையில் காபி வாங்கினால் ரொட்டி டோஸ்டும் அவித்த முட்டையும் கூடுதல் விலையில்லாமல் வரும். நம் கடையில் காபி 550 யென், வரி உட்பட. மாதம் 25 நாள், நாளுக்கு 112 பேர், எல்லோரும் 11 மணிக்குள் வருகிறவர்கள். பொருள் செலவு காபிக்கு 60, டோஸ்டுக்கு 45, முட்டைக்கு 25 யென். மாத வாடகை 2,50,000, சம்பளம் 7,00,000, மின்சாரம், எரிவாயு, தண்ணீர் 1,10,000, மற்றவை 50,000. செலவுகள் எல்லாம் வரி நீங்கலாக. கடை நஷ்டத்தில் ஓடுகிறதா?

அவசரக்காரர் 550-இலிருந்து 130-ஐக் கழித்து, கோப்பைக்கு 420 நிற்கிறது என்பார். மாதம் 2,800 கோப்பைக்கு 11,76,000 வரும். நிலையான செலவு 11,10,000 போக, லாபம் 66,000 யென்.

இது தவறு. கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டால் நுகர்வு வரி 10 சதவீதம். 550-இல் 50 யென் அரசுக்குச் சேர வேண்டியது, கடையின் வரவு 500தான். கோப்பைக்கு நிற்பது 370, மாதத்துக்கு 10,36,000. உண்மையில் 74,000 யென் நஷ்டம். லாபமும் நஷ்டமும் இல்லாமல் நிற்க 11,10,000-ஐ 370-ஆல் வகுங்கள்: 3,000 கோப்பை, நாளுக்கு 120.

இப்போது மாற்று வழிகளை ஒவ்வொன்றாக இதே கணக்கில் ஓட்டுங்கள். முட்டையை நிறுத்தினால் கோப்பைக்கு 395 நிற்கும். ஒருவர்கூட வராமல் போகவில்லை என்று வைத்தாலும் இன்னும் 4,000 யென் நஷ்டம். பல வருடப் பழக்கத்தைப் பறித்தும் பயன் இல்லை. விலையை 600 ஆக்கினால் வரி போக 545, நிற்பது 415. நாளுக்கு 107 பேர் போதும், ஆக ஐந்து பேர் குறைந்தாலும் தாங்கும். ஆறாவது ஆள் போனால் தாங்காது. மூன்றாவது வழி, 11 மணிக்குப் பின் காலியாகக் கிடக்கும் இருக்கைகள். ஆட்களுக்குச் சம்பளம் ஏற்கெனவே போகிறது என்றால், டோஸ்டும் முட்டையும் இல்லாத மதியக் காபி ஒவ்வொன்றும் 440 தரும். நாளுக்கு ஏழு கோப்பை கூடுதலாக விற்றாலே பள்ளம் நிரம்பிவிடும்.

விலையேற்றத்தைப் பரிந்துரைக்கிறீர்களா? ஒன்றைக் கவனியுங்கள். நாகோயாவில் பல கடைகளில் காபிச் சீட்டுக் கட்டை முன்பணம் கொடுத்து வாங்கி வைப்பார்கள். பழைய விலைச் சீட்டு தீரும்வரை அவர்களுக்குப் புது விலை உறைக்காது. அதனால் முதல் மாதம் வரும் கூட்டத்தைப் பார்த்து வெற்றி என்று சொல்லிவிட முடியாது. இப்படி ஒன்றை வகுப்பில் சொன்னால் விவாதமே திரும்பும்.

படி 5: ஒரு பக்கக் குறிப்பு, 45 நிமிடம்

மேலே உங்கள் முடிவு, அதன் கீழ் மூன்று காரணம், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் அது வந்த பக்கமும். கடைசியில் 'எது நடந்தால் என் முடிவை மாற்றுவேன்' என்று ஒரு வரி. "இரண்டிலும் நன்மை தீமை உண்டு" என்று முடிக்காதீர்கள். கேஸில் இருப்பவர் நாளை காலை கடை திறந்தாக வேண்டும்.

படி 6: வகுப்புக்கு முன் சிறு குழு

நான்கைந்து பேர், அரை மணி நேரம். முதலில் எண்களை ஒப்பிடுங்கள், முடிவுகளைப் பிறகு. ஒருவருக்கு 66,000 லாபமும் இன்னொருவருக்கு 74,000 நஷ்டமும் வந்தால், வித்தியாசம் 1,40,000. அதை 2,800-ஆல் வகுத்தால் 50. வரிதான் விடுபட்டது என்று உடனே பிடிபடும். குழு முழுக்க ஒரே முடிவுக்கு வர வேண்டியதில்லை.

படி 7: வகுப்பில் கை தூக்குவது

'கூகி வோ யோமு' என்று ஜப்பானில் சொல்வார்கள், சூழலின் காற்றைப் படித்து நடப்பது. மற்ற இடங்களில் அது நல்ல பழக்கம், ஆனால் கேஸ் வகுப்பில் அதே பழக்கம் வாயைக் கட்டிவிடும். எல்லோரும் பேசட்டும் என்று காத்திருந்தால் உங்கள் எண்ணை வேறொருவர் சொல்லிவிடுவார். முதல் பதினைந்து நிமிடத்துக்குள் ஒருமுறை பேசிவிடுங்கள். நிலவரத்தை விளக்கும் தொடக்கக் கேள்விகள் எளிதானவை, மொழி தடுமாறினாலும் எண் காப்பாற்றும். மூன்று வாக்கியம் போதும்: முன்னவர் சொன்னதில் எதை ஏற்கிறேன் அல்லது மறுக்கிறேன், என் எண், அதன் பொருள். முன்னவரைத் தொடாமல் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தால் ஆசிரியர் அடுத்தவரிடம் போய்விடுவார்.

அன்றிரவே உங்கள் ஒரு பக்கக் குறிப்பை எடுத்து, வகுப்பில் உடைந்த காரணத்தைச் சிவப்பில் அடியுங்கள். உடைத்த எண்ணையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த கேஸில் படி 4-ஐத் தொடங்கும்போது முதலில் அந்தச் சிவப்பு வரியைப் பாருங்கள்.