ரயில், பஸ் டிக்கெட்டில் காசு மிச்சம் பிடிக்கவும், ஃபைனில் மாட்டாமல் இருக்கவும்

தாம்பரத்திலோ எழும்பூரிலோ டிடிஆர் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும்போது கொஞ்ச நேரம் நின்று கவனித்துப் பாருங்கள். டிக்கெட்டே எடுக்காமல் வந்தவர்களை விடுங்கள், கையில் டிக்கெட்டை நீட்டிக்கொண்டே 250 ரூபாய் கட்டுகிறவர்கள் அங்கே நிறைய பேர் இருப்பார்கள். காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார்கள், ஆனால் அந்த ரயிலுக்கான டிக்கெட் இல்லை, அல்லது அந்தப் பெட்டிக்கான டிக்கெட் இல்லை. ஓசியில் போக வழி தேடுபவர்களுக்கு இதில் ஒன்றும் கிடையாது. டிக்கெட் எடுத்தும் தண்டம் அழுகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஃபைன் எப்படிக் கணக்காகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1989 ரயில்வே சட்டத்தின் 138-வது பிரிவுப்படி, நீங்கள் கட்ட வேண்டிய கட்டணத்தோடு, அதே அளவு தொகையோ 250 ரூபாயோ, இரண்டில் எது அதிகமோ அதையும் சேர்த்து வாங்குவார்கள். எங்கே ஏறினீர்கள் என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால் ரயில் புறப்பட்ட ஊரிலிருந்தே கணக்குப் போடலாம். அதாவது கன்னியாகுமரியிலிருந்து வரும் ரயிலில் செங்கல்பட்டில் ஏறி எழும்பூருக்கு வந்தாலும், கன்னியாகுமரியிலிருந்து வந்த மாதிரி பில் போட சட்டத்தில் இடம் இருக்கிறது. ஏமாற்றும் எண்ணத்தோடு போனதாக 137-வது பிரிவில் வழக்குப் போட்டால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று அது வேறு கதை.

இந்த இடத்தில் வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றும் ஒரு செய்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிளாட்பாரம் டிக்கெட் இருந்தால் போதும், ரயிலில் ஏறிக்கொள்ளலாம் என்று. பாதி உண்மை. அந்தப் பத்து ரூபாய் டிக்கெட், நீங்கள் எந்த ஸ்டேஷனில் ஏறினீர்கள் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். கட்டணம் அந்த ஊரிலிருந்து கணக்காகும், 250 ரூபாய் அப்படியே நிற்கும். இன்னொன்று, அது இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும். ஊருக்குப் போகும் மாமாவை வழியனுப்ப வந்து, ரயில் தாமதமாகி, பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் வெளியே போகும்போது மாட்டுவீர்கள். ரயில் எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பிளாட்பாரம் டிக்கெட் எடுங்கள்.

சரி, டிக்கெட் வைத்துக்கொண்டே மாட்டுவதற்கு முக்கியக் காரணம் ரயிலின் வகை. முன்பதிவில்லாத டிக்கெட்டில் சாதாரண பாசஞ்சர், மெயில்/எக்ஸ்பிரஸ், சூப்பர்ஃபாஸ்ட் என்று மூன்று விதம். பாசஞ்சரில் குறைந்தபட்சம் 10 ரூபாய், எக்ஸ்பிரஸில் 30. சூப்பர்ஃபாஸ்ட் என்றால் இரண்டாம் வகுப்புக்கு மேற்கொண்டு 15 ரூபாய். செயலியில் அவசரமாக எடுக்கும்போது எது குறைவாகக் காட்டுகிறதோ அதை அழுத்திவிட்டு, பிளாட்பாரத்துக்கு வந்து முதலில் வரும் ரயிலில் ஏறிவிடுகிறார்கள். அது சூப்பர்ஃபாஸ்ட் என்றால் வித்தியாசத் தொகையும் 250 ரூபாயும் போகும். பதினைந்து ரூபாய்க்கு இது தேவையா? செங்கல்பட்டு, அரக்கோணம் பக்கம் தினமும் போகிறவர்களுக்கு இதில் ரொம்ப கவனம் வேண்டும், ஏனென்றால் எலக்ட்ரிக் ட்ரெயின் டிக்கெட்டை வைத்துக்கொண்டு, எக்ஸ்பிரஸ் சீக்கிரம் போகுமே என்று ஏறுவதுதான் அங்கே வழக்கம். எந்த ரயிலில் போவோம் என்று உறுதியாகத் தெரியாத நாளில் மேல் வகை டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். சூப்பர்ஃபாஸ்ட் டிக்கெட்டோடு பாசஞ்சரில் போனால் யாரும் கேட்க மாட்டார்கள், தலைகீழாகப் போனால்தான் பிரச்சினை.

புறநகர் ரயிலிலேயே இதே சிக்கல் வேறு உருவத்தில் உண்டு. முதல் வகுப்புப் பெட்டி வெளியிலிருந்து பார்க்க மற்ற பெட்டி மாதிரியேதான் இருக்கும், கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று ஓடிப் போய் ஏறினால் அதற்குக் காரணம் உள்ளே போனபின்தான் தெரியும். 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் ஏசி ரயில் விட்டார்கள், அதற்குக் கட்டணம் 35 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. உங்கள் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் டிக்கெட்டும் சாதாரண சீசனும் அதில் செல்லாது. மகளிர் பெட்டியில் ஆண்கள் ஏறினால் 500 ரூபாய் வரை அபராதம், தண்டவாளத்தைத் தாண்டினால் ஆயிரம் வரை, படியில் தொங்கினாலும் அபராதம் உண்டு. நடைமேம்பாலம் ஏற சோம்பல்பட்டு ஆயிரம் ரூபாய் கட்டுவது எனக்கு இன்றுவரை புரியாத கணக்கு.

செயலியில் எடுப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முன்பு முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கான யூடிஎஸ் செயலியில் செய்ததை எல்லாம் இப்போது ரயில்ஒன் செயலியில் செய்யலாம். அதிலுள்ள ஆர்-வாலெட்டில் பணம் போட்டு எடுத்தால் 3 சதவீதம் மிச்சம், பெரிய தொகை இல்லை, ஆனால் தினமும் போகிறவருக்கு மாதக் கடைசியில் ஒரு டீக்காசாவது தேறும். ஸ்டேஷனுக்குள் நின்றுகொண்டு எடுக்க முயன்றால் எடுக்காது, செக்கிங்கைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கும் ஆட்களைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. உள்ளே வந்துவிட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எடுக்க வேண்டும். அதனால் வீட்டிலோ பஸ்ஸிலோ இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், ஆனால் ரொம்ப முன்னாடியும் வேண்டாம், எத்தனை மணிக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும் என்று டிக்கெட்டிலேயே இருக்கும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது, செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும். நெட் இல்லாவிட்டாலும் டிக்கெட் தெரியும், போனில் சார்ஜ் இல்லாவிட்டால் தெரியாது. நண்பனுக்கு உங்கள் போனில் எடுத்து படம் பிடித்து அனுப்புவதெல்லாம் டிக்கெட் இல்லாத பயணம்தான்.

தினசரி ஆட்களுக்கு சீசன் டிக்கெட்டைவிட மலிவாக எதுவும் கிடையாது. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் போய்வந்தாலே போட்ட காசு வந்துவிடும். இதில் பலர் கவனிக்காத ஒன்று: மூன்று மாத சீசன், மாத சீசனைப் போல 2.7 மடங்கு. ஆறு மாதத்துக்கு 5.4 மடங்கு, ஒரு வருடத்துக்கு 10.8 மடங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள், தள்ளுபடி மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்கு மாறும்போது மட்டும்தான் கிடைக்கிறது, அதற்கு மேல் எவ்வளவு நீளமாக எடுத்தாலும் விகிதம் அதேதான். வேலை மாறலாம், வீடு மாறலாம், பாதியில் நிறுத்தினால் பணம் திரும்பாது. அதனால் மூன்று மாதமாக எடுத்துக்கொண்டே போவதுதான் புத்திசாலித்தனம். சீசனை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது, முன்பதிவுப் பெட்டியிலும் அது செல்லாது.

ஊருக்குப் போகும் முன்பதிவு டிக்கெட்டில் மிச்சம் பிடிக்க வழி நிறைய. ஐஆர்சிடிசியில் யூபிஐ மூலம் கட்டினால் சேவைக் கட்டணம் ஏசி இல்லாத வகுப்புக்கு 10 ரூபாய், ஏசிக்கு 20, கார்டு என்றால் 15, 30, ஜிஎஸ்டி தனி. இது ஆளுக்கு இல்லை, டிக்கெட்டுக்கு. ஆறு பேர் வரை ஒரே டிக்கெட்டில் போடலாம் என்பதால் குடும்பமாகப் போகும்போது தனித்தனியாக எடுக்காதீர்கள். மற்ற தனியார் செயலிகளில் எடுத்தால் அவர்கள் பங்கும் சேரும், கடைசிப் பக்கத்தில் வரும் தொகையைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். கவுன்டரில் நின்று எடுத்தால் இந்தச் சேவைக் கட்டணமே இல்லை.

பகல் பயணத்துக்கு வைகை, பல்லவன் மாதிரி ரயில்களில் இரண்டாம் வகுப்பு இருக்கையை முன்பதிவு செய்ய, கட்டணத்துக்கு மேல் 15 ரூபாய்தான். பொதுப் பெட்டியில் கழிவறை வாசலில் நின்றுகொண்டு போவதற்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து போவதற்கும் இவ்வளவுதான் வித்தியாசம் என்பது ஏனோ பலருக்குத் தெரிவதில்லை. ஸ்லீப்பரில் குறைந்தபட்சம் 200 கிலோமீட்டருக்குக் கட்டணம் வாங்குவார்கள், அதனால் எழும்பூரிலிருந்து விழுப்புரம் போக ஸ்லீப்பர் எடுப்பது வீண்.

குழந்தைகள் விஷயத்தில் வயதை மாற்றிச் சொல்லிச் சிக்கிக்கொள்ள வேண்டாம், விதியே தாராளமாகத்தான் இருக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழே, தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் படுக்கை வேண்டாம் என்று குறித்தால் பாதிக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். ராத்திரிப் பயணத்தில் ஒரு படுக்கையில் அம்மாவும் ஏழு வயதுப் பிள்ளையும் படுக்க முடியுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வந்தே பாரத் மாதிரி சேர் கார் வகுப்பில் இந்தப் பாதிக் கட்டணம் இல்லை. மூத்த குடிமக்களுக்கான சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், நிறுத்தியது நிறுத்தியதுதான், இன்னும் இருக்கிறது என்று நம்பி யாரும் கவுன்டரில் வாதாட வேண்டாம்.

இணையத்தில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் உறுதியாகவில்லை என்றால் அது தானாகவே ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏறினால் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான். அதேபோல அசல் அடையாள அட்டையை மறந்துவிடாதீர்கள், ஒரு டிக்கெட்டில் போகிறவர்களில் ஒருவரிடமாவது இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போக எடுத்த டிக்கெட்டில் உங்களால் போக முடியவில்லை என்றால் ரத்து செய்து பணத்தை இழக்கத் தேவையில்லை, அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் பெயருக்கு மாற்றலாம், ஆனால் ரயில் புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே கவுன்டருக்குப் போய்க் கேட்க வேண்டும். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பயணத்தைக் கைவிட்டால் முழுப் பணமும் கிடைக்கும், அதற்கு ரயில் உங்கள் ஸ்டேஷனை விட்டுப் புறப்படும் முன்பே டிடிஆர் என்ற விண்ணப்பத்தை இணையத்தில் போட வேண்டும் (டிக்கெட் பரிசோதகர் டிடிஆர் இல்லை, இது வேறு). போட்டுவிட்டு அதே ரயிலில் ஏறிவிடாதீர்கள்.

பஸ் பக்கம் வருவோம். வெள்ளை போர்டு சாதாரண கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது ஊருக்கே தெரியும், ஆனால் அதிலும் கண்டக்டரிடம் அந்தக் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். டீலக்ஸில் ஏறிவிட்டு இலவசம் என்று உட்கார்ந்தால் பிறகு சங்கடம். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 500 ரூபாய் வரை அபராதம், கூட்டத்தில் கண்டக்டர் வரவில்லை என்ற பதிலைச் செக்கிங் ஆட்கள் கேட்டுச் சலித்துவிட்டார்கள், ஏறியதும் சில்லறையை முன்னால் கைமாற்றிவிடுங்கள். சென்னையில் இரண்டு மூன்று பஸ் மாறி வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரம் ரூபாய் மாதப் பாஸை யோசிக்கலாம், ஏசி பஸ்ஸும் வேண்டுமென்றால் 2000 ரூபாய் பாஸ். அறுபது தாண்டிய சென்னைவாசிகளுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் உண்டு, தாத்தா பாட்டிக்கு வாங்கிக் கொடுங்கள். வெளியூர் அரசு பஸ்ஸில் போகவும் வரவும் சேர்த்து முன்பதிவு செய்தால் திரும்பும் டிக்கெட்டில் 10 சதவீதம் குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் ரயிலில் தவறான பெட்டியிலோ, இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிப் போக வேண்டிய நிலைமையிலோ இருந்தால், பரிசோதகர் உங்களிடம் வரும்வரை காத்திருக்காதீர்கள், நீங்களே தேடிப் போய்ச் சொல்லுங்கள். டிக்கெட் முடியும் ஊர் வருவதற்குள் சொல்லிவிட்டால் மீதித் தூரத்துக்கான கட்டணத்தோடு முடிந்துவிடும். எடுக்கவே நேரமில்லாமல் ஏறும் நிலை வந்தால், ஏறும் முன்பே ரயில் கார்டிடம் சொல்லிச் சான்று வாங்க 55-வது பிரிவு வழி வைத்திருக்கிறது, அந்தச் சான்று இருந்தால் கூடுதல் தொகை கிடையாது. அப்படியும் ஃபைன் கட்ட நேர்ந்தால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ரசீது தராமல் பாதிப் பணத்துக்குப் பேரம் பேசினால் அந்த ஆள் பரிசோதகர்தானா என்றே சந்தேகப்படலாம், அடையாள அட்டையைக் கேளுங்கள். அந்த ரசீதுதான் இறங்கும் ஊர் வரை உங்களுக்கு டிக்கெட், ஸ்டேஷனை விட்டு வெளியே வரும்வரை அதைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.