பழைய பிலிம் டப்பாவைத் திறந்ததும் செய்யக்கூடாதவை

செட்டிநாட்டு வீடுகளில் மேல்மாடி அறையை ஒழிக்கும்போது துருப்பிடித்த தகர டப்பாக்களில் பிலிம் சுருள் அகப்படுவதுண்டு. பர்மா, மலேயா போய்வந்தவர்கள் 8 எம்.எம்., 16 எம்.எம். கேமராவில் எடுத்த கல்யாணமாக இருக்கலாம், 35 எம்.எம். சினிமாப் பிரதியின் ஒரு பாகமாகவும் இருக்கலாம். ‘நாம் இருவர்’ (1947) உருவான ஏவி.எம். ஸ்டுடியோ தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த ஊர் நம் காரைக்குடி. அதனால் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்கு டப்பாவை எடைக்குப் போடுமுன் உள்ளே இருப்பதைப் பாருங்கள். பார்க்கிற விதத்தில்தான் முதல் தவறு நடக்கிறது.

ஆசையில் நேரே புரொஜெக்டரில் மாட்டிவிடாதீர்கள். பழைய பிலிம் சுருங்கியிருக்கும். பற்சக்கரத்தின் பற்கள் துளைகளில் சரியாக விழாமல் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே போகும். 35 எம்.எம். என்றால் ஒரு துளையின் விளிம்பிலிருந்து 101ஆவது துளையின் அதே விளிம்புவரை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். புது பிலிமில் இது சுமார் 475 மி.மீ. 470க்கு வந்துவிட்டால் ஒரு சதவீதச் சுருக்கம். அதைப் புரொஜெக்டரில் ஏற்றவே கூடாது, சுருங்கிய பிலிமுக்கான ஸ்கேனரில்தான் ஓட்டவேண்டும்.

எளிதில் தீப்பற்றும் பழைய வகையான நைட்ரேட் பிலிமா என்று பார்க்க ஒரு துண்டு வெட்டிக் கொளுத்துகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். நைட்ரேட் பிலிம் எரியும்போது ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், தண்ணீருக்குள்ளும் எரியும். நன்றாகச் சிதைந்த சுருள் 41 டிகிரி வெப்பம் நீடித்தாலே தானாகப் பற்றக்கூடும். கத்திரி வெயிலில் மாடி அறை எவ்வளவு சூடாகும் என்பது நமக்குத் தெரியாததா? பிலிமின் ஓரத்தில் ‘நைட்ரேட்’ அல்லது ‘சேஃப்டி’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். நைட்ரேட்டிலிருந்து எடுத்த பிரதியில் மூலத்தின் எழுத்தும் சேர்ந்து பதிவாகி இரண்டுமே தெரியலாம். சந்தேகமிருந்தால், 1951க்கு முந்தைய 35 எம்.எம். எல்லாமே நைட்ரேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிசுபிசுத்து, தேன் நிறமாகக் கசிந்தால் கை வைக்காமல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள். பஸ் பார்சலில் ஏற்றிவிடுவது அபாயம்.

எளிதில் தீப்பற்றாத அசிட்டேட்டால் ஆன சேஃப்டி பிலிமுக்கு வேறு வியாதி. டப்பாவைத் திறந்ததும் காடி (வினிகர்) வாடை அடித்தால், அசிட்டேட் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. அந்த அமிலமே சிதைவை இன்னும் விரட்டும். பக்கத்து டப்பாவுக்கும் தொற்றும். பட்டுப்புடவைப் பெட்டியில் போடுகிற பாச்சை உருண்டை இங்கே உதவாது, கேடு பிலிமுக்குள்ளிருந்தே வருகிறது. 21 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தாலே புது அசிட்டேட்டில் சுமார் 40 ஆண்டில் இந்த வாடை தொடங்கும் என்பது கணக்கு. நம் ஊர் வெக்கையில் அதற்கும் முன்பே. வாடை அடிப்பதைத் தனியே பிரித்து, கீழ்த்தளத்தில் வெயில் படாத உள்ளறையில் வையுங்கள். குளிர்பெட்டியில் வைப்பதானால் இரட்டைக் காற்றுப்புகா உறை வேண்டும். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்க உறையைப் பிரிக்கக்கூடாது, பிரித்தால் பிலிம்மேல் வியர்த்துவிடும். நைட்ரேட்டை வீட்டுக் குளிர்பெட்டியில் வைக்கவே வேண்டாம்.

பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைப்பதுதான் பார்க்கச் சகிக்காத தவறு. படம் பதிந்திருப்பது ஜெலட்டின் படலத்தில்; பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். துடைத்த துணியில் ஒட்டியிருக்கும் சாம்பல் கறை அழுக்கல்ல, படமே. அசிட்டோன் பட்டால் அசிட்டேட் பிலிமே கரையும். அறுந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினால் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். பிலிம் ஒட்டுவதற்கென்றே ஸ்பிளைசிங் டேப் இருக்கிறது.

இனி ஸ்கேன். சுவரில் ஓட்டிக் கல்யாண வீடியோகாரரை விட்டுப் படம்பிடிக்கச் சொன்னால் மினுக்கலும் நடுவில் வெள்ளைத் திட்டும்தான் மிஞ்சும். ஃபிரேம் ஃபிரேமாக ஸ்கேன் செய்யவேண்டும்: 16 எம்.எம்.முக்கு 2கே (அகலத்தில் சுமார் 2000 புள்ளி), 35 எம்.எம். நெகட்டிவுக்கு 4கே (சுமார் 4000). ஒவ்வொரு ஃபிரேமையும் சுருக்காமல் தனிப் படமாக வைக்கும் டிபிஎக்ஸ் கோப்பு, 4கே முழு ஃபிரேமுக்கு ஒன்று சுமார் 51 எம்.பி.; இரண்டரை மணிப் படத்துக்கு 2,16,000 ஃபிரேம், ஏறத்தாழ 11 டெராபைட். இடத்தை மிச்சம்பிடிக்கச் சுருக்கிய எம்பி4 வீடியோ மட்டும் வாங்கிவந்தால் பிறகு சீர்செய்ய எதுவும் இருக்காது.

மௌனப் படத்தில் வேகம் முக்கியம். 35 எம்.எம்.மில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். 1000 அடி ரீல், நொடிக்கு 16 ஃபிரேமில் 16 நிமிடம் 40 நொடி ஓடும். 24இல் ஓட்டினால் பதினொன்றில் முடிந்து எல்லாரும் துள்ளித் துள்ளி நடப்பார்கள். படத்துக்குப் படம் வேகம் மாறும், நடையைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். இரவுக்கு நீலம், விளக்கொளிக்கு மஞ்சள் என்று சாயமேற்றிய பிரதியைக் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்வதும் இழப்பே. டைட்டில் கார்டைப் புது எழுத்தில் அடித்து ஒட்டாதீர்கள்: துதிக்கை போட்ட ‘லை’, ‘னை’ எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய காலத்தின் கையெழுத்து. 16:9 டிவிக்காக மேலும் கீழும் வெட்டினால் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகப் படமே போய்விடும். நாட்டியக் காட்சியில் பாதத்தைக் காணோம் என்பது இப்படித்தான்.

தூசி நீக்கும் மென்பொருளை முழு வேகத்தில் விடுகிறவர்கள் திருப்பூட்டும் (தாலி கட்டும்) காட்சியை மட்டும் ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்க்கட்டும். ஒரு ஃபிரேமில் மட்டும் தோன்றி மறையும் வெள்ளைப் புள்ளி எதுவானாலும் மென்பொருளுக்கு அது தூசி. தூவிய அட்சதை அந்தரத்தில் காணாமல் போயிருக்கும், வைரத்தோட்டின் மினுக்கும் அணைந்திருக்கும்.

ஸ்கேன் ஆனதும் மூலச் சுருளைத் தூக்கிப்போடவே கூடாது; கோப்புகள் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். படத்தில் இருப்பவர்கள் யார் என்று எழுதுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆயாவையும் அப்பத்தாவையும் உட்காரவைத்து ஓட்டிக்காட்டி, எத்தனையாவது நிமிடம், எந்த ஊர், என்ன கோயில், என்ன விலாசம் என்று குறித்து அந்தத் தாளின் நகலை டப்பாவுக்கு வெளியே கட்டிவையுங்கள். உள்ளே வைத்தால் காடி அதையும் தின்றுவிடும்.