விக் ஃபான்டெய்ன் போல ஒருவரை நம் மேடையில் நிறுத்த

'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' என்ற விண்வெளித் தொடரில் விக் ஃபான்டெய்ன் என்றால் எனக்கு உயிர். 1962-ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் போல உருவாக்கிய கேளிக்கை விடுதியில் பாடும் ஹாலோகிராம், அதாவது ஒளியால் ஆன பாடகர். நடித்ததும் பாடியதும் ஜேம்ஸ் டாரன். தான் வெறும் ஒளி என்பது விக்குக்கே தெரியும். இருந்தும், போரில் காலை இழந்து ஒடுங்கிப்போன நாக் என்ற இளைஞனைத் தேற்றி வெளியே அனுப்புவது அவர்தான். கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் எங்கள் கிளப்பின் கிறிஸ்துமஸ் விழாவில் அப்படி ஒருவரை நிறுத்தினோம்.

1862 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் காட்டிய கண்ணாடி உத்தியே இதற்குப் போதும். சாய்ந்த கண்ணாடியில் பிரதிபலிக்கும் உருவம், அதன் பின்னால் ஆளே நிற்பதுபோலத் தெரியும். பார்ப்பவர் கண்மட்டத்துக்கு மேலே பெஞ்ச் போட்டு, டிவியைத் திரை மேலே பார்க்கும்படி கிடத்துங்கள். நீளவாக்கு மேடையின் உள்ளே போகட்டும். பின்விளிம்பில் தெளிவான அக்ரிலிக் ஷீட்டை ஊன்றி, 45 டிகிரியில் கூட்டத்தை நோக்கிச் சாயுங்கள். ஷீட்டின் நீளம் டிவி நீளத்தைப்போல் 1.4 மடங்கு வேண்டும். படத்தில் தலை கூட்டத்தின் பக்கம், இடுப்பு ஷீட்டின் அடிப்பக்கம். முன்னால் ஒரு பலகை வைத்து டிவியை மறைத்துவிடுங்கள். ஷீட்டுக்குப் பின்னால் கறுப்புத் திரை மட்டும்தான். ஸ்டார், சீரியல் பல்பு எதுவும் அங்கே தொங்கக் கூடாது.

பாடுபவரைப் படம் பிடிக்கும்போது பின்னணி கறுப்பாக இருக்கட்டும். விக் போடுகிற கறுப்புக் கோட்டு நமக்கு ஆகாது. கறுப்பெல்லாம் கண்ணாடியில் காணாமல் போகும். வெள்ளைச் சட்டை, தோளில் நேரியல் (மேல்துண்டு), அழகாக நிற்கும். தலைமுடி தெரியப் பின்னாலிருந்து ஒரு விளக்கு. இடுப்புக்கு மேல் மட்டும் எடுத்தால் 43 இன்ச் டிவியிலேயே ஆள் ஏறக்குறைய உண்மை அளவில் வருவார். இடம் வலம் மாறித் தெரியும் என்பதால் வீடியோவைத் திருப்பிப் போடுங்கள். ஸ்பீக்கர் அவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கட்டும்.

அப்புறம், பாட்டைவிட அதிகம் மெனக்கெட வேண்டியது அவர் கேட்டுக்கொண்டு நிற்பதில். விக் பாதி நேரம் அடுத்தவர் பேசுவதைக் கேட்பவர். அதனால் பேசாமல், லேசாகத் தலையாட்டியபடி நிற்பதைத் தனியாக எடுத்து, முடியாமல் ஓடும்படி வையுங்கள். முன்வரிசையில் யார் உட்காருவார்கள் என்று ஊருக்கே தெரியும். அவர்களைப் பெயர் சொல்லி, "மக்களே, சாப்பிட்டாச்சா? முட்டுவலி எப்படி இருக்கு?" என்று சின்னச் சின்னதாகப் பதிவு செய்யுங்கள்.

லேப்டாப்பில் உட்காருபவர் முன்வரிசை முகங்கள் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். பாட்டி பதில் சொல்லி முடிக்கிறவரை அடுத்த வீடியோத் துண்டைத் தட்டக் கூடாது.