பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டை மீட்பது எப்படி?

கானாடுகாத்தானிலோ காரைக்குடியிலோ பூட்டிக் கிடக்கும் வளவு வீடொன்றைப் (முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த பெரிய குடும்ப வீடு) புதுப்பிக்க நினைப்பவர்கள், கொத்தனாரை அழைப்பதற்கு முன் பங்காளிகளை அழைக்க வேண்டும்; ஒரே வீட்டுக்குப் பல குடும்பங்கள் உரிமையாளர்களாக இருப்பதால், எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் தொடங்கும் வேலை பாதியில் நின்றுவிடும்.

அடுத்தது கூரை. மழை பெய்யும்போதே உள்ளே நின்று கவனியுங்கள். முற்றத்தைச் சுற்றி ஓட்டுச் சரிவுகள் சந்திக்கும் மூலைகளில் இறங்கும் நீர், சுவருக்குள் புதைந்திருக்கும் தேக்கு உத்தரத்தின் நுனியை வெளியே தெரியாமலே உளுக்கச் செய்யும்; கத்தி முனையால் குத்திப் பார்த்தால் மரத்தின் நிலை புரியும்.

சுவரில் சிமெண்ட் பூசவே கூடாது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமெண்டோ அதை உள்ளேயே அடைத்து, உப்புப் பூக்கச் செய்து, முட்டைவெண்கரு சேர்த்து இழைத்த பழைய பளபளப்பையும் பெயர்த்துவிடும். தரைக்கு ஆத்தங்குடிக் கற்கள் (அந்த ஊரின் வண்ணத் தரை ஓடுகள்) இன்றும் கையால் செய்யப்படுகின்றன.

கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய ‘விசாலம்’ என்ற பழைய வீட்டைப்போல் விடுதியாக்குவது ஒரு வழி. ஊருக்குப் பயன்பட வேண்டுமெனில், முகப்பில் நூலகமும் இரண்டாங்கட்டில் (முதல் முற்றத்தை அடுத்த பகுதியில்) விசேஷங்களுக்கான பந்தியும் பொருந்தும். கழிப்பறைகளைப் பின்கட்டில் மட்டும் கட்டுங்கள். சாமி அறைச் சாவி குடும்பத்தாரிடமே இருக்கட்டும்.