இரண்டு சிறு காய்களால் செக்மேட் செய்ய முடியுமா? தொடக்க ஆட்டக்காரர்களுக்கான செய்முறை

பிஷப்பையும் குதிரையையும் செஸ் ஆட்டத்தில் சிறு காய்கள் என்கிறோம். எதிராளியிடம் ராஜா மட்டும் எஞ்சி, உங்களிடம் ராஜாவோடு சிறு காய்கள் மட்டும் இருந்தால், வெற்றி கிடைக்குமா என்பது அவை எந்தக் காய்கள் என்பதைப் பொறுத்தது. இதைக் கடைசிச் சிப்பாயை இழப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பலகையை எடுத்து, கீழே வரும் ஒவ்வொரு நிலையையும் காய்களை வைத்துப் பார்த்தபடி படியுங்கள்.

படி 1: ஒற்றைக் காய்

ஒரே ஒரு பிஷப்பாலோ ஒரே ஒரு குதிரையாலோ தனி ராஜாவை மேட் (செக்மேட்) செய்யும் நிலையே பலகையில் கிடையாது. எனவே ஆட்டம் அங்கேயே டிரா ஆகிவிடும்.

படி 2: இரண்டு பிஷப்

ஒன்று வெள்ளைக் கட்டத்திலும் மற்றொன்று கறுப்புக் கட்டத்திலும் செல்வதாக இருந்தால் வெற்றி உறுதி; சரியாக ஆடினால் அதிகபட்சம் 19 நகர்வுகளில் முடிந்துவிடும். (சிப்பாயைப் பதவி உயர்த்தி இரண்டையும் ஒரே நிறக் கட்டத்தில் வைத்திருந்தால் முடியாது.) இரண்டு பிஷப்புகளையும் அருகருகே நிறுத்தினால், அவை ஆளும் மூலைவிட்டங்கள் எதிரி ராஜா தாண்ட முடியாத வேலியாகிவிடும். அந்த வேலியை நகர்த்திக்கொண்டே, உங்கள் ராஜாவையும் உடன் கூட்டிச் சென்று, எதிரியை மூலைக்குத் தள்ளுங்கள்.

முடிவைப் பாருங்கள். (எழுத்து, வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ முதல் ஹெச் வரையான நெடுவரிசை; எண், வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையான கிடைவரிசை.) வெள்ளை ராஜா ஜி6, பிஷப்புகள் டி6, எஃப்3. கறுப்பு ராஜா ஜி8. எஃப்3 பிஷப்பை டி5-க்கு நகர்த்தி செக் கொடுங்கள். எஃப்8-ஐ மற்றொரு பிஷப் காப்பதால் கறுப்பு ராஜா ஹெச்8-க்குத்தான் போக முடியும். இப்போது டி6 பிஷப் ஈ5-க்கு வந்தால் மேட். ஆனால் கறுப்பு ராஜா ஏற்கெனவே ஹெச்8-இல் இருக்கும்போது பிஷப் டி5-க்குப் போனால், செக் இல்லாமலேயே ராஜாவின் வழிகள் எல்லாம் அடைபட்டு ஸ்டேல்மேட், அதாவது டிரா ஆகிவிடும்.

படி 3: இரண்டு குதிரை

இங்குதான் பலரும் குழம்புகிறார்கள். மேட் நிலை இருக்கிறது. ஆனால் அதை எதிராளியின் மேல் திணிக்க முடியாது. வெள்ளை ராஜா ஹெச்6, குதிரைகள் டி5, ஈ5. கறுப்பு ராஜா ஜி8 என வையுங்கள். டி5 குதிரை ஈ7-க்கு வந்து செக் கொடுக்கிறது. கறுப்பு ராஜா ஹெச்8-க்குப் போனால், ஈ5 குதிரை எஃப்7-க்குத் தாவியதும் மேட். ஆனால் கறுப்பு ராஜா எஃப்8-க்குப் போய்விட்டால், பொறி கலைந்துவிடும். ஒரு தவறு செய்தால் மட்டுமே கறுப்பு தோற்கும். எதிராளி தவறு செய்யாவிட்டால் டிராதான்.

ஏன் இப்படி? இதே அமைப்பில் கறுப்பு ராஜா ஹெச்8-இல் நிற்கும்போது குதிரை ஈ7-க்கு வந்தால் ஸ்டேல்மேட் ஆகும். கறுப்புக்கு ஏ5-இல் ஒரு சிப்பாய் இருந்தாலோ, அது அந்தச் சிப்பாயை நகர்த்தியே தீர வேண்டும். அடுத்த நகர்வில் எஃப்7-இல் மேட்! எதிராளியின் கூடுதல் காயே அவருக்குக் கேடாகும் இந்த விந்தையை ரஷ்ய செஸ் ஆய்வாளர் அலெக்ஸி ட்ரொயிட்ஸ்கி விரிவாக ஆராய்ந்தார். சிப்பாய் போதிய அளவு பின்னால் தடுத்து நிறுத்தப்பட்டிருந்தால்தான் இது கைகூடும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, விதிக்குட்பட்ட ஏதேனும் ஒரு நகர்வு வரிசையால் மேட் ஆகக்கூடும் என்றாலே, கடிகாரம் தீர்ந்த எதிராளி தோற்கிறார். ஆகவே இரண்டு குதிரைகள் வைத்திருப்பவர் நேரத்தால் வெல்லலாம்.

படி 4: பிஷப்பும் குதிரையும்

இது வெல்லக்கூடியது, அதிகபட்சம் 33 நகர்வுகள். ஆனால் காய் வெட்டப்படாமலும் சிப்பாய் நகராமலும் இரு தரப்பும் 50 நகர்வுகள் ஆடிவிட்டால் எதிராளி டிரா கோரலாம் என்பதால், வழி தெரியாமல் அலைய நேரம் இல்லை. 2013-இல் ஜெனீவாவில் நடந்த மகளிர் கிராண்ட் பிரீ போட்டியில், அப்போதைய மகளிர் உலகச் சாம்பியன் அன்னா உஷெனினாவே ஒல்கா கிர்யாவுக்கு எதிராக இதை முடிக்க இயலாமல் டிரா செய்தார்.

மனத்தில் பதிய வேண்டியது ஒன்று: பிஷப் செல்லும் நிறமுள்ள மூலையில்தான் மேட்டைத் திணிக்க முடியும். வெள்ளைக் கட்டப் பிஷப் என்றால் ஏ8 அல்லது ஹெச்1. எதிராளி வேண்டுமென்றே மற்ற மூலைக்கு ஓடுவார். அவரை ஹெச்8-இலிருந்து ஏ8-க்கு ஓரமாகவே துரத்தும்போது, குதிரை பெரும்பாலும் எஃப்7, ஈ5, டி7, சி5, பி7 என்று வளைந்து வளைந்து செல்லும். ராஜா தப்பும் கட்டங்களைக் குதிரையும் பிஷப்பும் மாறி மாறி அடைக்கும்.

முதலில் முடிவைப் பழகுங்கள். வெள்ளை ராஜா பி6, குதிரை சி5, பிஷப் டி7. கறுப்பு ராஜா பி8. குதிரை ஏ6-இல் செக் கொடுக்க, கறுப்பு ராஜா ஏ8-க்குப் போக, பிஷப் சி6-இல் மேட். இது கையில் படிந்த பிறகு, வெள்ளை ராஜா எஃப்6, குதிரை எஃப்7, பிஷப் ஈ4, கறுப்பு ராஜா ஜி8 என வைத்து, நகர்வுகளை எண்ணிக்கொண்டே அந்த வளைந்த பாதையில் துரத்திப் பாருங்கள்.