செருப்பு வாங்கச் சாயங்காலம் போங்கள்

காலில் தொந்தரவு இருக்கிறவர்கள் செருப்புக் கடைக்குக் காலையில் போகக் கூடாது. ராத்திரியெல்லாம் படுத்து எழுந்த கால் காலையில் வற்றிப்போய் இருக்கும், அப்போது கச்சிதமாகப் பொருந்துகிற செருப்பு சாயங்காலம் வாரை வைத்து அழுத்த ஆரம்பித்துவிடும். நாள் முழுக்க நின்று, நடந்து, பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வந்த பிறகு, அதுவும் நம்ம ஊர் சித்திரை வைகாசி வெயிலில், பாதம் நன்றாகவே வீங்கியிருக்கும். அந்தக் காலுக்குத்தான் செருப்பு வேண்டும். அதனால் ஐந்து மணிக்கு மேல் கிளம்புங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் வேண்டாம், அந்தக் கூட்டத்தில் டவுனில் எந்தக் கடையிலும் நிதானமாக உட்கார்ந்து போட்டுப் பார்க்க முடியாது.

கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள், பக்கத்தில் யாரையாவது விட்டுப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். உட்கார்ந்துகொண்டு வரைந்தால் அளவு தப்பிவிடும், உடம்பின் எடை இறங்கும்போதுதான் பாதம் நீண்டு அகலும். அம்மாவுக்கு நான் இப்படி வரைந்தபோது வலது கால் இடதைவிட அரை விரற்கடை கூட இருந்தது, கட்டைவிரல் மூட்டு இருக்கிற இடத்தில் கோடு வெளியே வளைந்து ஒரு சின்ன மேடு மாதிரி வந்தது. இத்தனை வருஷமாக அந்த மேட்டின் மேலேதான் குறுக்கு வாரை மாட்டி நடந்திருக்கிறாள். இரண்டு காலும் சமமாக இல்லாதவர்கள் நிறைய உண்டு, எப்போதும் பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும்.

அந்தத் தாளை வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். செருப்பின் மேல் வைத்தால் தாள் எங்கும் வெளியே நீட்டக் கூடாது, ஷூவுக்குள் விட்டால் ஓரம் மடங்கக் கூடாது. மடங்கினால் உங்கள் விரலும் அப்படித்தான் மடங்கும். நம்பரைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் 7 இன்னொரு கம்பெனியின் 8 மாதிரி இருக்கும். தவிர, நம்ம கடைகளில் சொல்கிற நம்பர் நீளத்தை மட்டும்தான் சொல்லும், ஒரு நம்பர் ஏறினால் 8 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக நீளம் கூடும், அவ்வளவுதான். அகலம் பற்றவில்லை என்று ஒரு நம்பர் பெரிதாக வாங்குகிறவர்கள்தான் அதிகம், அப்படி வாங்கினால் கால் முன்னால் வழுக்கிக்கொண்டே போகும், அதைப் பிடித்து நிறுத்த விரல்கள் நாள் பூராவும் இறுக்கிக்கொண்டிருக்கும். நீளம் சரியாக இருந்து முன்பக்கம் அகலமாக இருக்கிற வேறு மாடலைக் கேளுங்கள். ஷூ என்றால் எழுந்து நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் வேண்டும். சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம், அதையும் பாருங்கள்.

கடைக்காரர் மனம் கோணுமே என்று அவசரப்படாதீர்கள். "அண்ணாச்சி, கொஞ்சம் நடந்து பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, மெத்தை விரிப்பை விட்டு இறங்கி வெறும் தரையில் ஐந்து நிமிஷமாவது நடங்கள். டவுனில் ஒரு கடையில் சுண்டுவிரல் பக்கம் இறுக்குகிறது என்று சொன்னபோது அங்கிருந்த பையன், "போடப் போட இளகிரும்க்கா" என்றான். நம்பி வாங்கினேன், ஒரு மாதத்தில் சுண்டுவிரலில் கால் ஆணி வந்ததுதான் மிச்சம். தோல் என்றால் அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகாது. ரெக்சின் எதிலும் அவ்வளவாக இளகாது. கடையில் இறுக்கினால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

அப்புறம், கையால் அழுத்திப் பார்த்து மெத்தென்று இருக்கிறதே என்று மயங்கக் கூடாது. வெறும் பஞ்சு மாதிரி இருக்கிற சோல் கொஞ்ச நாளில் அமுங்கித் தட்டையாகிவிடும், அதுவரைக்கும் கூடக் கால் நிலையில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். ஷூவை இரண்டு கையாலும் பிடித்து, ஈரத் துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பாருங்கள், சுலபமாக முறுக்கினால் அது காலைத் தாங்காது. மடக்கினால் விரல்கள் தொடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. குதிகாலைச் சுற்றியுள்ள பகுதி அழுத்தினால் உள்ளே போகாமல் விறைப்பாக இருக்க வேண்டும்.

எனக்கு இருப்பது குதிகால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் நாலைந்து அடி உயிர் போகும், நடக்க நடக்கக் குறையும், வகுப்பில் நின்று பாடம் நடத்திவிட்டு வந்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். இந்த வலி உள்ளவர்களுக்குத் தட்டையான மெல்லிய ஹவாய் செருப்பு ஆகவே ஆகாது. குதிகால் பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரமும், பாதத்தின் உள்வளைவைத் தாங்குகிற மேடும் இருக்கிறதைப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் ஒரு ஜோடி வேண்டும். டைல்ஸ், கிரானைட் தரையில் வெறுங்காலோடு அடுப்படியில் நின்றால், வெளியே எவ்வளவு நல்ல செருப்பு போட்டும் பிரயோஜனம் இல்லை. வீட்டுக்குள் செருப்பா என்று ஆச்சி எங்கள் வீட்டில் பெரிய சண்டையே போட்டார், அதற்கென்று தனி ஜோடி, வாசலைத் தாண்டாது, பூஜை அறைப் பக்கம் வராது என்று சொன்ன பிறகுதான் சரி என்றார்.

சர்க்கரை உள்ளவர்கள் இதையெல்லாம்விடக் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு வலியை வைத்து முடிவு செய்ய முடியாது. அம்மாவின் செருப்பை ஒருநாள் கழுவ எடுத்தபோது உள்ளே ஒரு சின்னக் கல் குத்திக்கொண்டு நின்றது, பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில் கொப்புளம் வெடித்துப் புண்ணாகியிருந்தது. "எனக்கு ஒண்ணும் வலிக்கலயேட்டி" என்றாள். அதுதான் ஆபத்து. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள், முதலில் அதைச் செய்துகொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் எம்.சி.ஆர். செருப்பு கேளுங்கள், அதாவது உள்ளே பொடிப்பொடியான காற்றறைகள் நிறைந்த மைக்ரோ செல்லுலார் ரப்பர் வைத்த செருப்பு. வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் உடன் வேலை செய்தவர்களும் தொழுநோயால் மரத்துப்போன கால்களுக்காகச் செய்த செருப்பில் போட்டதும் இந்த ரப்பர்தான். மேலே அழுத்தினால் அமுங்கி உடனே நிமிர வேண்டும், அடியில் முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டி சோல் இருக்க வேண்டும். பின் வார் கட்டாயம், அது இல்லாவிட்டால் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்து போய்விடுவார்கள். பிடித்த செருப்பில் பின் வார் இல்லையென்றால் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கலாம், ஆனால் ஆணி அடிக்க விடாதீர்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும் மருந்துப் பட்டை ஒட்டுவதும் இவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறவர்கள் உச்சி வெயில் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, காய்ந்த கல் தளத்தில் மரத்துப்போன காலோடு நடந்தால் பாதம் வெந்துபோவது வீட்டுக்கு வந்துதான் தெரியும். காலையிலோ இருட்டின பிறகோ போங்கள்.

வாங்கும்போதே மாற்றித் தருவார்களா என்று கேட்டு பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள், கழற்றியதும் பாதத்தில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பாருங்கள், அடிப்பக்கம் தெரியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். அரை மணி நேரத்துக்கு மேலும் சிவப்பு மறையவில்லை என்றால் மறுநாளே கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். சரியாக இருந்தால் தினம் ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போகலாம். அம்மா இப்போது ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் காலை நுழைக்கிறாள்.