மொட்டும் மலரும்: சாமந்தித் தேநீரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரையில் எங்கள் தெருவுக்குச் சிங்கப்பூரிலிருந்து யார் வந்தாலும், பெட்டியில் தைலத்தோடு காய்ந்த சாமந்திப் பூ ஒரு பாக்கெட்டாவது இருக்கும். போன முறை லாத்தா இரண்டு வகை கொண்டுவந்தார். ஒன்றில் விரிந்த வெள்ளைப் பூக்கள், மற்றொன்றில் சுண்டைக்காய் அளவில் மஞ்சள் மொட்டுகள். உம்மா இரண்டையும் ஒரே ஜாடியில் கொட்டிவிட்டார். பலரும் செய்யும் முதல் தவறு அதுதான்.

இரண்டும் ஒரே செடியில் பூப்பவைதான். சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் தோங்சியாங் என்ற ஊர் இந்த வெள்ளைச் சாமந்திக்குப் பேர்போனது. அங்கே இதழ் விரியும் முன்பே பறிப்பதைத் தாய்ஜூ என்கிறார்கள். 'கருச் சாமந்தி' என்று பொருள், வயிற்றிலிருக்கும் கருவைப் போல இன்னும் விரியாத பூ. பறித்ததை ஆவியில் வாட்டி உலர்த்துகிறார்கள். மொட்டில் இதழ்கள் இறுக மூடியிருப்பதால் சாறு மெல்லத்தான் இறங்கும். விரிந்த பூவோ வெந்நீர் பட்டதும் எல்லாவற்றையும் கொடுத்துவிடும். ஒரே டம்ளரில் இரண்டையும் போட்டால், மொட்டு ஊறி முடிப்பதற்குள் பூ கசக்கத் தொடங்கிவிடுகிறது.

நம் வீடுகளில் டீ என்றாலே அடுப்பில் கொதிக்க வைத்துப் பழக்கம். சாமந்தியைக் கொதிக்க வைத்தால் இதழ்கள் கரைந்து, மணம் ஆவியோடு போய்விடும். கொதித்த நீரை இறக்கி, ஒரு நிமிடம் பொறுத்து ஊற்றுங்கள். விரிந்த பூ நான்கைந்து போட்டு மூன்று நிமிடம் வைத்தால் போதும். மொட்டு என்றால் எட்டுப் பத்துப் போட்டு, ஐந்தாறு நிமிடம் மூடி வையுங்கள். கண்ணாடி டம்ளரில் பார்த்தால் தெரியும்: முதலில் மிதக்கும் மொட்டுகள் நீர் குடித்து உப்பி, ஒவ்வொன்றாக அடியில் இறங்கும், அப்போது நீர் பொன்னிறமாகும். விரிந்த பூவின் நீர் வெளிர் மஞ்சளாகவே நிற்கும். நிறம் குறைவு என்று அதில் இன்னும் நான்கு பூவை அள்ளிப் போடாதீர்கள், கசப்புதான் கூடும். மொட்டை ஒரு முறையோடு கொட்டிவிடுவதும் வீண். இரண்டாம் தண்ணீர்தான் எனக்கு மிகவும் பிடிக்கும்.

தண்ணீரில்தான் நம் கடற்கரைக்காரர்கள் கோட்டை விடுகிறோம். உவர்ப்புக் கிணற்று நீரில் பூவின் மெல்லிய இனிப்பு எழவே எழாது. குழாயில் வரும் நல்ல தண்ணீரை எடுங்கள். இனிப்புக்குச் சீனர்கள் கற்கண்டு போடுகிறார்கள். நமக்குப் பனங்கற்கண்டு இருக்கிறது, சிறு துண்டு போதும். கருப்பட்டி போட்டால் கருப்பட்டிதான் மணக்கும்.

வாங்கும்போது தூய வெள்ளையைப் பார்த்து மயங்காதீர்கள். கந்தகப் புகை போட்ட பூ இயல்புக்கு மீறி வெளுத்திருக்கும், பாக்கெட்டைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறும். மாலைக்கு வாங்கும் சாமந்தியைக் காயவைத்துக் குடிக்கலாமே என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். கூடவே கூடாது. அது குடிப்பதற்கென்று வளர்த்த பூவில்லை, பூச்சிமருந்து அடித்திருப்பார்கள்.

மொட்டு விலை கூடியது என்பதால் அதற்கு மருத்துவ குணமும் கூடுதல் என்று நினைப்பது இன்னொரு தவறு. இதில் தேயிலை ஒரு துளியும் இல்லாததால் இரவிலும் குடிக்கலாம் என்பது உண்மை. ஆனால் இதை நம்பி ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சாமந்தி, சூரியகாந்தி வகைப் பூக்கள் ஒவ்வாதவர்கள் இரண்டு வகையையும் தொடவே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் கடல்காற்று ஈரத்தோடு வீசும்போது, திறந்த பாக்கெட் சில நாட்களிலேயே நமத்துவிடும். விரிந்த பூவின் மெல்லிய இதழ்கள்தான் முதலில் ஈரம் வாங்கும். இறுக மூடும் ஜாடியில் வைத்து, ஈரக் கரண்டி படாமல் எடுங்கள். பூஞ்சை வாடை வந்தால் வெயிலில் காயவைத்துப் பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். உம்மா ஒரு மத்தியானம் முழுக்கச் சொளகில் பரப்பி மொட்டையும் பூவையும் பொறுக்கிப் பிரித்தார். இப்போது அடுப்படி அலமாரியில் இரண்டு ஜாடிகள் இருக்கின்றன.